நான்கு கொட்டு

எங்கள் கூலிப் பாட்டில் மூன்றே வரி.
முதல் வரி ஹொன்னம்மாவுடையது:
நம்ம கூலி நமகே கொடி.
கொடி என்றால் கன்னடத்தில் கொடுங்கள்.
சேர்ந்த புதிதில் எனக்கது கொடியாகவே கேட்டது.
யாரோ எதையோ ஏற்றுகிறார்கள் என்று
நானும் கையைத் தூக்கிவிட்டேன்.
சிரித்தார்கள். அப்படித்தான் பாட்டுக்குள் வந்தேன்.

இரண்டாவது நூர்ஜபீன் பாடும் உருது வரி.
காஜா பட்டன் பிரிவு முழுக்க அதற்கு விசிலடிக்கும்.
மூன்றாவது என்னுடையது, நானே கட்டியது,
மூத்திரம் போக டோக்கன் கேட்டு நின்ற ஒரு மத்தியானம்:
வாழ வழி விடு, வழியை மறிக்காதே.
பெரிய கவிதை இல்லை.
நான்கு கொட்டுக்குள் அடங்கியது.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், கேட்டுக்கு வெளியே
டிபன் டப்பா மூடிதான் மேளம்.
ஓவர்டைம், பி.எஃப்., உடைந்த ஊசிக்குப் பிடித்த பணம்,
எல்லாவற்றுக்கும் அதே பாட்டு.

பிறகு தண்ணீர்த் தீர்ப்பு வந்த வாரம்.
மதியத்துக்குள் பஸ்கள் நின்றன.
தெற்கே புகை தெரிகிறது என்றார்கள்.
கழிப்பறையில் நின்று
போனிலிருந்த தமிழ் ரிங்டோனை அழித்தேன்.
லக்கரே வரை நடை.
வழியில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள்.
நூர்ஜபீன் முந்திக்கொண்டு, என் நாத்தனார் என்றாள்,
நெற்றியில் இத்தனை பெரிய பொட்டோடு நின்ற என்னை.
நம்பாமலே விட்டுவிட்டார்கள்.

ஹொன்னம்மா எங்களோடு நடக்கவில்லை.
மத்தூர்ப் பக்கம் அவள் அப்பாவின் கரும்பு
இடுப்புயரத்தில் காய்ந்து நிற்கிறது.
உன் ஊருக்குத் திறந்துவிட்டார்கள் என்றாள்,
உன் என்பதை அழுத்தி.
ஊத்தங்கரையில் எங்கள் நிலத்துக்கு
அந்த ஆறு வந்ததே கிடையாது.
சொல்லவில்லை. சொன்னால் கணக்காகிவிடும்,
அவள் பேசியது கரும்பைப் பற்றி.

அடுத்த மாதம் போனசுக்காகக் கேட்டில் கூடினோம்.
அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.
இரண்டாம் வரி முடிந்து என் முறை.
எதிர் டீக்கடையில் மஞ்சளும் சிவப்புமாய்
துண்டு போட்ட நான்கைந்து பேர்.
வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை.

யாரும் அடுத்த வரிக்குத் தாவவில்லை.
டப்பா மூடிகள் மட்டும்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பந்திக்கு வராதவருக்கு
இலை போட்டு வைத்ததுபோல
என் வரியின் நீளத்துக்கு வெறும் கொட்டு.
பிறகு முதலிலிருந்து.

குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடியது பாட்டு.
புதிதாக வந்த ஒடியாப் பெண்கள்
அதுதான் பாட்டென்று கற்றுக்கொண்டார்கள்.
இரவில் படுத்தால் அந்த நான்கு கொட்டும் கேட்கும்.
மரியாதையா, வாயடைப்பா?
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
இன்றைக்கும்தான்.

பாட்டு ஜனங்களைச் சேர்க்கும் என்று
யூனியன் ஆபீசில் ஒருவர் மைக்கில் பேசினார்.
ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாசியில், எங்கள் லைனை மூடப்போவதாக
நோட்டீஸ் ஒட்டிய சாயங்காலம்,
கொட்டு விழும் இடத்தில் ஒரு குரல் விழுந்தது:
வாள வளி விடு, வளியெ மறிக்காதெ.

ஹொன்னம்மா. தொண்டை கட்டியிருந்தது.
ழகரம் அவளுக்கு வராது.
வாழ்வு அவள் வாயில் வாளாகிவிட்டது,
வழி காற்றாகிவிட்டது.
டீக்கடைப் பக்கம் அவள் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
நான் திருத்தவில்லை.
அடுத்த சுற்றில் அவள் வரியை நான் எடுத்தேன்,
பழக்கதோஷத்தில் கை தானாக மேலே போனது.

லைனை மூடத்தான் செய்தார்கள்.
அவள் இப்போது எங்கே தைக்கிறாளோ.
அன்றைய கூட்டத்தில் மாறிவந்த மூடியொன்று
என் வீட்டில் கிடக்கிறது.
நடுவில் நெளிந்தது.
என் டப்பாவுக்குச் சேராது.